ஈ.பி. லைன் இல்லாத தோட்டத்து வீட்டுக்கு சோலார்: பேட்டரியைக் கூட்டும் முன் பேனலைக் கூட்டுங்கள்

கரண்ட் கம்பம் எட்டாத தோட்டங்களில் சோலார் போட்டுக் கைவிட்ட வீடுகளைப் பார்த்தால், பழுது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பங்குனி, சித்திரையில் மாட்டியிருப்பார்கள். ஒரு பேனல், இரண்டு பேட்டரி, ஃபேன், லைட், டிவி எல்லாம் குறையில்லாமல் ஓடியிருக்கும். ஐப்பசி அடைமழையில் ராத்திரி பதினொரு மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். "பேட்டரி பத்தலை" என்று இன்னும் இரண்டு பேட்டரி வாங்கிச் சேர்ப்பார்கள். அடுத்த கார்த்திகைக்குள் நான்குமே படுத்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் வராதபோது தொட்டியைப் பெரிதாகக் கட்டிய வேலை இது. பத்தாமல் போனது பேட்டரி அல்ல, பேனல்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு சின்னக் குடும்பம் தங்கும் தோட்டத்து வீடு. 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. பி.எல்.டி.சி. (கரண்ட் குறைவாகத் தின்னும் மோட்டார்) ஃபேன் இரண்டு, 30 வாட் வீதம் பத்து மணி நேரம்: 600. டிவி 45 வாட், நான்கு மணி நேரம்: 180. வைஃபை ரவுட்டர் 10 வாட்தான், ஆனால் 24 மணி நேரமும் ஓடுவதால் 240. போன் சார்ஜர்கள் 45. கூட்டினால் 1,245. எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விட்டுப்போவது இன்வெர்ட்டர் தனக்காகத் தின்னும் கரண்ட். ஒரு லைட்கூட எரியாதபோதும் 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் ஒன்று 15 வாட் வரை எடுக்கும். மட்டமானதாக இருந்தால் 25. நாள் முழுக்க 15 வாட் என்றால் 360 வாட்-மணி, அதாவது இரண்டு டிவி ஓட்டும் கரண்ட். டி.சி.யை ஏ.சி.யாக மாற்றுவதில் போகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 1,750 வாட்-மணி, அதாவது ஒன்றே முக்கால் யூனிட் வேண்டும்.

பழைய ஃபேன்களை அப்படியே வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். சாதாரண சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும். இரண்டையும் பி.எல்.டி.சி.யாக மாற்றினால் ஒரு நாளில் 800 வாட்-மணிக்கு மேல் மிச்சம். அந்த 800-ஐ உண்டாக்கவும் சேமிக்கவும் ஆகும் பேனல், பேட்டரி செலவை விட இரண்டு ஃபேன் விலை மிகக் குறைவு.

இப்போது வெயில். சமவெளித் தமிழ்நாட்டில் ஆண்டு சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து, ஐந்தரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. விற்பவர் சொல்லும் கணக்கெல்லாம் இந்த ஐந்தரையை வைத்துத்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். மூட்டம் போட்ட நாட்களில் ஒன்றரைதான். பேனல் சூடாவது, தூசி, வயர், பேட்டரியில் போட்டு எடுக்கும் நட்டம் எல்லாவற்றுக்குமாக 30 சதவீதத்தைத் தள்ளிவிடுங்கள். ஒரு 540 வாட் பேனல் பங்குனியில் 540 × 5.5 × 0.7, அதாவது சுமார் 2,080 வாட்-மணி கொடுக்கும். தேவை 1,750. ஜோராக ஓடும். அதே பேனல் கார்த்திகையில் 540 × 3 × 0.7, அதாவது 1,130. தினமும் 600 துண்டு விழும். பேட்டரி எத்தனை இருந்தாலும் இந்தத் துண்டு விழுவது நிற்காது. இரண்டு பேட்டரி மூன்றாம் நாள் தரை தட்டும், நான்கு பேட்டரி ஆறாம் நாள். ஒரே ஒரு வித்தியாசம், நான்கையும் திரும்ப நிரப்பும் வாய்ப்பு அந்த ஒற்றைப் பேனலுக்குத் தை மாதம் வரை வராது.

இரண்டு பேனல் போட்டால் கார்த்திகையிலும் 2,270 வரும். ஒன்றரை மணி வெயிலே உள்ள நாளில் 1,130 வரும். மிச்சம் 600-ஐ பேட்டரி தாங்கிக்கொள்ளும். 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டை சீரியஸில், அதாவது வோல்ட் கூடும்படி கோத்துப் போட்டால் 24 வோல்ட், 3,600 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்ற கணக்கில் 1,800 புழங்கலாம். மூன்று மூட்ட நாட்கள் தள்ளிவிடலாம்.

லெட் ஆசிட் (ஈயத் தட்டும் ஆசிட்டும் உள்ள வழக்கமான) பேட்டரிக்கு ஏன் இவ்வளவு பேனல் என்றால், அது நிரம்பும் விதம் அப்படி. முதல் 80 சதவீதம் விறுவிறுவென்று ஏறும். கடைசி 20 சதவீதத்துக்கு, 28.8 வோல்ட்டில் பிடித்துவைத்து, ஆம்பியர் தானாகக் குறையக் குறைய, மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் 28.8-ஐத் தொட்டால்தான் பொழுது சாய்வதற்குள் முழுதாக நிரம்பும். சின்ன பேனல் நாலு மணிக்குத்தான் அங்கே போய்ச் சேரும், அதற்குள் வெயில் போய்விடும். இப்படி அரைகுறையாக நிரம்பும் பேட்டரியின் தட்டுகளில் ஈய சல்பேட் படிகம் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. இதைத்தான் சல்பேஷன் என்கிறார்கள். பேட்டரி கடையில் "செல் போச்சு" என்று சொல்லும் பேட்டரிகளில் பெரும் பங்கு இந்தப் பட்டினியால் போனவை.

பேட்டரி வாங்கும்போது லேபிளில் சி10 (பத்து மணி நேரத்தில் தீர்க்கும் கணக்கில் அளந்தது; சி20 என்றால் இருபது மணி நேரம்) என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு விற்கும் 150 ஏ.எச். பேட்டரி சி20 கணக்கில் 150. சி10 கணக்கில் அதைவிடக் குறைவு. சோலாருக்கு என்று வரும் டியூபுலர் (குழாய் வடிவத் தட்டு உள்ள) பேட்டரி சி10. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதத் தயாரிப்பாக இருக்கட்டும்.

பேனலை சீரியஸில் போடுவதா, பேரலலாகவா (வோல்ட் கூடாமல் ஆம்பியர் மட்டும் கூடும்படி)? பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்கள் இதில் நிறைய எரிந்திருக்கின்றன. 540 வாட் பேனலின் பின்புறம் வி.ஓ.சி. (லோடு எதுவும் மாட்டாதபோது இருக்கும் வோல்ட்) 49.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இரண்டு சீரியஸில் 99. "100 வோல்ட் கன்ட்ரோலர் போதுமே" என்று தோன்றும். ஆனால் அந்த 49.5 என்பது செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்தது. குளிரக் குளிர வோல்ட் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.28 சதவீதம். மார்கழிக் காலை 20 டிகிரியிலேயே 100-ஐத் தாண்டிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் 5 டிகிரி என்றால் 104. ஒரு காலையில் தாண்டினால் போதும், கன்ட்ரோலர் முடிந்தது, வாரண்டியும் கிடைக்காது. சீரியஸ் என்றால் 150 வோல்ட் கன்ட்ரோலர், பேரலல் என்றால் 100 வோல்ட் போதும்.

சுற்றிலும் தென்னை நிற்கிற இடத்தில் நான் பேரலலைத்தான் சொல்வேன். ஒரு பேனல் மேல் மட்டை நிழல் விழுந்தாலும் இன்னொன்று தன் வேலையைப் பார்க்கும். இதற்கும் ஒரு எல்லை உண்டு. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போனால் பேனலின் வேலை வோல்ட் 41.5-லிருந்து 36-ஐ ஒட்டி இறங்கிவிடும். வயரில் ஒன்றரை வோல்ட் போனாலும் 34 நிற்கும். 28.8-இல் சார்ஜ் ஏற்ற எம்.பி.பி.டி. (பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும்) கன்ட்ரோலருக்கு இது போதும், ஆனால் தாராளமாக இல்லை. அதனால் பேரலலில் வயரைச் சிக்கனம் பண்ணக்கூடாது. பத்து மீட்டர் தூரத்துக்கு 26 ஆம்பியர் போகும்போது 6 ஸ்கொயர் எம்.எம். வயரில் ஒன்றரை வோல்ட் விழும், 4-இல் இரண்டேகால். ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஜோடி 4 ஸ்கொயர் வயர் இழுத்து வந்து கன்ட்ரோலர் அருகில் சேர்ப்பது இன்னும் நல்லது. ஒவ்வொரு பேனலுக்கும் தனி எம்.சி.பி. (பிரேக்கர் சுவிட்ச்) கிடைக்கும், எது வேலை செய்யவில்லை என்று இறங்கிவந்தே கண்டுபிடிக்கலாம்.

கன்ட்ரோலர் எம்.பி.பி.டி.யாகவே இருக்க வேண்டும். 540 வாட் பேனலை பி.டபிள்யூ.எம். (வோல்ட்டை மாற்றாமல் பேனலை அப்படியே பேட்டரியோடு சேர்க்கும்) கன்ட்ரோலரில் 24 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால், அதே 13 ஆம்பியர் 27 வோல்ட்டில் போகும். 350 வாட்தான் தேறும். 12 வோல்ட் பேட்டரியில் 175. மூன்றில் இரண்டு பங்கு கூரையிலேயே வீண். ஆன்லைனில் மலிவாக வரும் பெட்டிகளில் 'எம்.பி.பி.டி.' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருப்பார்கள், உள்ளே பி.டபிள்யூ.எம்.தான். சோதிப்பது சுலபம். பேட்டரி கொஞ்சம் இறங்கி இருக்கும்போது, நல்ல வெயிலில், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரால் பேனல் பக்க வயரையும் பேட்டரி பக்க வயரையும் பிடித்துப் பாருங்கள். பேட்டரி பக்கம் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் நிஜ எம்.பி.பி.டி. இரண்டு பக்கமும் ஒரே ஆம்பியர், பேனல் வோல்ட்டும் பேட்டரி வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது என்றால் ஏமாற்று.

இரண்டு பேனலுக்கு 40 ஆம்பியர் கன்ட்ரோலர். ஆனால் 150 ஏ.எச். பேட்டரிக்குள் முப்பதுக்கு மேல் போகக்கூடாது. 15-லிருந்து 20 இதமானது. செட்டிங்கில் அதிகபட்ச சார்ஜ் ஆம்பியரை 20, 25-இல் வையுங்கள். உபரி வெயிலை மிக்சி, சலவை மெஷின் மாதிரி வேலைகளைப் பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் வைத்துக்கொண்டு தீர்க்கலாம். அப்சார்ப்ஷன் (முழுதாக நிரப்பும் வோல்ட்) 28.8, ஃபுளோட் (நிரம்பிய பின் பிடித்துவைக்கும் வோல்ட்) 27.2, லோ கட் (இதற்குக் கீழே இறங்கினால் லோடைத் துண்டிக்கும் வோல்ட்) 23. பல இன்வெர்ட்டர்கள் 21-இல்தான் கட் ஆகும்படி வரும். அது இன்வெர்ட்டருக்குப் பாதுகாப்பு, பேட்டரிக்கு அல்ல.

வைக்கும் இடம். தெற்கு பார்த்து 12 முதல் 15 டிகிரி சாய்வு. 10-க்குக் கீழே போனால் மழைத்தண்ணீர் வழியாமல் கீழ் விளிம்பில் அழுக்குக் கட்டும். நம் ஊரில் பலர் மறப்பது ஒன்று: மதுரை, பொள்ளாச்சி, தஞ்சாவூர் எல்லாம் 10, 11 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன. சித்திரை தொடங்கி ஆவணியின் முதல் பாதி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். எனவே வடக்கில் நிற்கும் மரமும் ஆனி, ஆடியில் நிழல் தரும். 12 மீட்டர் தென்னையின் மதிய நிழல் மார்கழியில் வடக்கே 8 மீட்டர் நீளும். ஆனியில் தெற்கே 3 மீட்டர். பேனல் மாட்டும் நாளில் நிழல் இல்லை என்பதை வைத்து இடம் முடிவு செய்யாதீர்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். இந்த பேனலின் பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் காற்று ஒரு பேனலைத் தூக்கும் விசை ஏறக்குறைய 250 கிலோ. இரண்டுக்கும் 500. ஓரடிக்கு ஓரடி கான்கிரீட் கட்டை ஒன்று 68 கிலோதான். நான்கு போட்டாலும் 270. மொட்டை மாடியில் சும்மா உட்கார்த்தி வைப்பதென்றால் ஒன்றரை அடிக் கட்டை நான்கு வேண்டும், அது 900 கிலோ வரும். 2018 கஜா புயலைப் பார்த்த டெல்டா பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஜி.ஐ. கால்களை நிலத்தில் இரண்டடி இறக்கிக் கான்கிரீட் போடுவதே தோட்டத்துக்கு ஏற்றது, சுத்தம் செய்யவும் வசதி.

மாட்டும் வரிசையில் ஒன்று மாறக்கூடாது: கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி வோல்ட்டைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் இது 12-ஆ 24-ஆ என்று தெரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலைக் கொடுத்தால் வோல்ட் எகிறிப் பல கன்ட்ரோலர்கள் அப்போதே போயிருக்கின்றன.

பேனல் பக்கத்துக்கு டி.சி. எம்.சி.பி.தான். வீட்டுக்குப் போடும் ஏ.சி. எம்.சி.பி. விலை குறைவு என்று எலக்ட்ரீஷியன்கள் மாட்டிவிடுகிறார்கள். ஏ.சி. நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும்; டி.சி.யில் அது அணையாமல் நின்று எரியும், எம்.சி.பி. உருகும். டி.சி. எம்.சி.பி.யில் ப்ளஸ், மைனஸ் குறி இருந்தால் அதை மாற்றிப் போடவும் கூடாது. பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 80 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ், அங்கிருந்து இன்வெர்ட்டருக்கு 25 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், ஒன்றரை மீட்டருக்குள். 150 ஏ.எச். பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பானர் ஒன்று குறுக்கே விழுந்தால் பற்றவைத்துவிடும். ஸ்பானர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தீ பிடிக்கும் இன்னொரு இடம் பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர். பேனலோடு வருவது ஒரு கம்பெனி, கடையில் வாங்கியது இன்னொன்று. இரண்டும் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஊசி சரியாக உட்காராது. முதலில் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு கழுத்துப் பக்கம் குழைந்து வளையும், அப்புறம் கருகும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய ஊசிக்கும் இதே கதி. கிரிம்பிங் டூல் உள்ளவரைக் கூப்பிடுங்கள். மாட்டிய வாரத்தில் ஒரு மதியம், முழு லோடில், கனெக்டரை வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். வயரை விடச் சூடாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். வெயிலில் கரண்ட் ஓடும்போது மட்டும் அதை உருவாதீர்கள், எம்.சி.பி.யை இறக்கிவிட்டு உருவுங்கள்.

பேனல் ஃபிரேம், ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் எர்த், டி.சி. பக்கம் இடி மின்னலில் எகிறும் வோல்ட்டை எர்த்துக்குத் தள்ளும் ஒரு எஸ்.பி.டி. வேண்டும். கோடை இடி விழும் பகுதிகளில் இதைத் தள்ளிப்போடக்கூடாது. இன்வெர்ட்டர் அவுட்புட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கசியும் கரண்ட்டைக் கண்டு அணைக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டோம், ஷாக் அடிக்காது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று: நியூட்ரல் எர்த்தோடு சேராத இன்வெர்ட்டரில் அது தட்டாது. அதற்காக நீங்களாக நியூட்ரலை எர்த்தில் முடிச்சுப் போடவும் வேண்டாம். சில மலிவு இன்வெர்ட்டர்களில் இரண்டு வயரிலும் பாதிப் பாதி வோல்ட் இருக்கும், முடிச்சுப் போட்டதும் எரிந்துவிடும். கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பராமரிப்பில் உண்மையாகப் பலன் தருவது ஹைட்ரோமீட்டர். நூற்றுச் சில்லறை ரூபாய்ப் பொருள். நன்றாக வெயிலடித்த நாளில், சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, மூடியைத் திறந்து ஆசிட்டை உறிஞ்சி மிதவையைக் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். சோலார் டியூபுலருக்கு 1.240-ஐ ஒட்டி நின்றால் முழு சார்ஜ். ஆறு செல்லையும் எழுதி வையுங்கள். எல்லாமே 1.200-இல் நிற்கிறது என்றால் பேனலோ வெயிலோ போதவில்லை, ராத்திரிச் செலவைக் குறைக்க வேண்டும். ஐந்து 1.240, ஒன்று மட்டும் 1.200 என்றால் ஈக்வலைசேஷன் (எல்லாச் செல்லும் சமமாக நிரம்ப, வழக்கத்தை விடக் கூடுதல் வோல்ட்டில் கொஞ்ச நேரம் ஏற்றுவது) கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்தச் செல் ஏறாவிட்டால் அதுதான் போகப்போகிற செல். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள், மேலே வெறும் தண்ணீர்தான் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி, முழுக்கை இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

பேட்டரி இருக்கும் அறை படுக்கை அறையாக இருக்கக்கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மேலே ஜன்னல் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழேயும் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு, நம் ஊரில் கண்கூடு.

லித்தியம் எடுக்கலாமா என்றால், மழை மாதத்தில் அரைகுறையாகவே நிரம்பும் இடத்துக்கு அது நல்லது. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்கு அரைச் சார்ஜில் கிடப்பதால் கெடுதல் இல்லை. 25.6 வோல்ட் 100 ஏ.எச். ஒன்றே, மேலே சொன்ன இரண்டு டியூபுலரின் வேலையைச் செய்யும். கன்ட்ரோலரில் 28.4, ஈக்வலைசேஷன் கட்டாயம் ஆஃப். லெட் ஆசிட் செட்டிங்கிலேயே விட்டால் ஈக்வலைசேஷன் வரும் அன்று பி.எம்.எஸ். (உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு) பேட்டரியைத் துண்டிக்கும். பேட்டரி இல்லாமல் பேனல் என்ற அதே ஆபத்து, பட்டப்பகலில். உள்ளூரில் அசெம்பிள் செய்த பேக் என்றால் முழுதாக ஏற்றி, 200 வாட் லோடு மாட்டி, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். பத்து மணி நேரத்துக்குக் குறைந்தால் 100 ஏ.எச். இல்லை.

கிணற்று மோட்டாரை இதில் மாட்ட நினைக்காதீர்கள். ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப் போல ஐந்து மடங்கு வரை இழுக்கும். அதற்கு பேட்டரி இல்லாத தனி சோலார் பம்ப் இருக்கிறது, பி.எம். குசும் திட்டத்தில் மானியமும் உண்டு. 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் மானியம் ஈ.பி.யோடு இணைந்த கூரை சோலாருக்கானது. லைன் இல்லாத வீட்டுக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பேனல் துடைப்பது விடிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. போர் தண்ணீரை ஊற்றி அப்படியே விட்டால் உப்பு வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீரோ, உடனே துடைத்துவிடும் வசதியோ வேண்டும். மயில் உட்காரும் தோட்டங்களில் எச்சம் ஒரு செல்லை மூடினாலும் அந்தப் பகுதியே பலவீனமாகும், சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள். இன்வெர்ட்டரின் காற்று ஓட்டைகளுக்குக் கொசுவலை ஒட்டினால் பல்லி உள்ளே போய் போர்டில் கருகாது. ஆனால் வலையில் தூசி அடைத்தால் சூடேறும், அதையும் அவ்வப்போது தட்டிவிட வேண்டும்.

பேட்டரி ஒன்று போய்விட்டால் புதியது ஒன்றை மட்டும் பழையதோடு சேர்க்காதீர்கள். சீரியஸில் பழையது முன்னதாக நிரம்பியதுபோல் வோல்ட் காட்டும், புதியது நிரம்பாமலே நிற்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஈயத்துக்கு எடை போட்டுப் பணம் தருவார்கள். ஆசிட்டைக் கீழே கொட்டிவிட்டுத் தூக்கிப்போக மட்டும் விடாதீர்கள்: எடையும் குறையும், கொட்டிய இடத்தில் மண்ணும் கெடும்.